‘இது அதோட காப்பிதானே?’ - பிடித்த ஃபேன்டஸி நாவலைச் சொல்ல ஏன் இந்தக் கூச்சம்?

ராத்திரி இரண்டு மணி. செல்போன் வெளிச்சத்தில் கடைசி அத்தியாயம். மந்திர வாள் கைக்கு வந்து, இருட்டு மன்னன் வீழ்ந்து, கிராமத்துப் பையன் பத்திரமாக வீடு திரும்பிய பிறகுதான் அந்தப் பெண்ணுக்குத் தூக்கமே வருகிறது. மறுநாள் காலேஜில் தோழியிடம் கண்கள் விரிய அந்தக் கதையைச் சொல்கிறாள். பாதியிலேயே பதில் வருகிறது.

‘‘ஐயோ, அது ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ காப்பிடி. அதைப் போயா ராத்திரி முழிச்சுப் படிச்சே?’’

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ‘உனக்குப் பிடிச்ச புத்தகம் எது?’ என்று யார் கேட்டாலும், அந்தப் பெயர் மட்டும் அவள் வாயில் வருவதில்லை.

மாயாஜாலக் கதைகள் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. தோழியின் அந்த ஒரே பதிலில் இரண்டு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. ‘இந்தக் கதை புதுசா?’ என்பது ஒரு கேள்வி. அதற்கான பதிலைப் பழைய புத்தகங்களைப் புரட்டினால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். ‘இந்தக் கதை எனக்குப் பிடிச்சிருக்கா?’ என்பது வேறு கேள்வி. அதற்குப் படித்தவரைத் தவிர வேறு யாராலும் பதில் சொல்ல முடியாது. முதல் கேள்விக்கான பதிலை வைத்து இரண்டாவதையும் முடித்துவிடுவதில்தான் சிக்கலே.

அந்தப் பெண் ராத்திரி முழித்துப் படித்த நாவல், ‘தி ஸ்வார்டு ஆஃப் ஷன்னாரா’. அதைச் சுற்றி நடந்த சண்டைக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது.

ஏழு வருடம் எழுதிய வக்கீல்

1967-ல் டெர்ரி புரூக்ஸ் அமெரிக்காவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர். ஒரு பக்கம் சட்டப் புத்தகங்கள், இன்னொரு பக்கம் மாயாஜால நாவல். படிப்பு முடிந்து வக்கீலான பிறகும் எழுதுவதை விடவில்லை. எழுதி முடிக்க ஏழு வருடங்கள் ஆயின. முதலில் அனுப்பிய பதிப்பகம் திருப்பிவிட்டது. ஆனால், ‘பேலன்டைன் பதிப்பகத்துக்கு அனுப்பிப் பாருங்கள்’ என்று வழியும் காட்டியது.

பேலன்டைனில் அந்தக் கையெழுத்துப் பிரதி லெஸ்டர் டெல் ரே என்ற எடிட்டரின் கைக்குப் போனது. ஜே.ஆர்.ஆர்.டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 55-ம் ஆண்டுகளில் பிரிட்டனில் வந்திருந்தது. 1965-ல் மலிவு விலை பேப்பர்பேக்காக அமெரிக்காவில் இறங்கியதும் கல்லூரி மாணவர்கள் அதை மொய்த்தார்கள். படித்து முடித்தவர்கள், ‘இதே மாதிரி இன்னொன்று இருக்கா?’ என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பசிக்கு ஏற்ற புத்தகம் இதுதான் என்று டெல் ரே முடிவு செய்தார்.

1977-ல் ஷன்னாரா வெளியானது. ‘நியூயார்க் டைம்ஸ்’ டிரேட் பேப்பர்பேக் விற்பனைப் பட்டியலில் ஏறி, ஐந்து மாதங்களுக்கும் மேல் இறங்காமல் நின்றது. ஒரு ஃபேன்டஸி நாவல் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது அதுவே முதல்முறை.

கூடவே அடியும் விழுந்தது. ஒரு அமைதியான கிராமம். அங்கு வந்து சேரும் மர்மமான பெரியவர். ‘நீதான் உலகத்தைக் காப்பாற்ற வேண்டும்’ என்று அவர் சொல்லும் சாதாரண இளைஞன். துரத்திவரும் கறுப்பு உருவங்கள். குள்ளர், எல்ஃப், மனிதர் கலந்த ஒரு குழு. தூரத்து தேசத்தில் ஒரு இருட்டு அதிபதி. டோல்கீனைப் படித்த யாருக்கும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. ஃபேன்டஸி நூல்களின் தொகுப்பாளரான லின் கார்ட்டர், இது அப்பட்டமான நகல் என்று கொதித்தார். இத்தனைக்கும் பழைய சாகச எழுத்தாளர்களின் பாணியில் வாள்வீரன் கதைகளை வரிசையாக எழுதித் தள்ளியவர்தான் கார்ட்டர்!

ஒற்றுமைகள் உண்மை. புரூக்ஸும் டோல்கீனின் பாதிப்பை மறைத்ததில்லை. ஆனால், அந்த வாள் விஷயத்தைக் குறை சொன்னவர்களில் பலர் கவனிக்கவில்லை. ஷன்னாராவின் வாள் எதிரியை வெட்டிச் சாய்ப்பதற்கானதல்ல. அதைப் பிடிப்பவனுக்கும், அது தொடுபவனுக்கும் தன்னைப் பற்றிய உண்மையைக் காட்டும். அந்த உண்மையைத் தாங்க முடிந்தவன் பிழைப்பான். பொய்யிலேயே வாழ்ந்தவன் அழிவான். இந்த முடிவு டோல்கீனிடம் இல்லை. அது புரூக்ஸ் கொண்டுவந்தது.

டோல்கீன் மட்டும் எங்கிருந்து எடுத்தார்?

டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். 1937-ல் வெளியான அவருடைய ‘தி ஹாபிட்’ கதையில் 13 குள்ளர்கள் வருவார்கள். அவர்களில் பெரும்பாலானோரின் பெயர்கள், பழைய நார்ஸ் மொழிக் கவிதையான ‘வோலுஸ்பா’வில் உள்ள பெயர்ப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை. உலகமே கொண்டாடும் ‘கேண்டால்ஃப்’ என்ற பெயரும் அதே பட்டியலில் இருக்கிறது. புதையலிலிருந்து ஒரு கோப்பை திருடு போக, தூங்கிக்கொண்டிருந்த டிராகன் விழித்துச் சீறும் காட்சி? ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய ‘பேவுல்ஃப்’ காவியத்திலேயே அது இருக்கிறது.

டோல்கீன் இதற்குக் கூச்சப்படவில்லை. 1939-ல் ஸ்காட்லாந்தில் அவர் ஆற்றிய ஒரு உரை, பிற்காலத்தில் கட்டுரையாக வந்து புகழ்பெற்றது. அதில் அவர் கதையை ஒரு பெரிய சூப் அண்டாவாகப் பார்க்கிறார். காலம் காலமாகக் கொதித்துக்கொண்டிருக்கும் அந்த அண்டாவில் ஒவ்வொரு தலைமுறையும் எதையாவது போட்டுக்கொண்டே இருக்கிறது. சூப் குடிக்க வந்தவர் அது எந்த மாட்டின் எலும்பு என்று தோண்டிக்கொண்டிருக்கக் கூடாது. கிண்ணத்தில் வந்ததன் ருசியைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காக ருசியைப் பற்றி விமர்சனமே கூடாது என்றும் அவர் சொல்லவில்லை.

ஷன்னாராவுக்கு முன்னால் டோல்கீனைப் படித்தவருக்கு டோல்கீன் அசல். அதற்கும் முன்னால் நார்ஸ் கவிதைகளைப் படித்த ஒரு பேராசிரியருக்கு, டோல்கீனிடமும் தெரிந்த முகங்கள் நிறைய இருக்கும். ‘புதுசு’ என்று ஒருவர் சொல்வதில் பாதி, அவர் அதுவரை எதைப் படித்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

மேதைகளுக்கே பிடிக்கவில்லை!

புதிதாக இருந்தால் மட்டும் எல்லோருக்கும் பிடித்துவிடுமா? அதுவும் இல்லை.

அமெரிக்காவின் பெரிய விமர்சகர்களில் ஒருவரான எட்மண்ட் வில்சன், 1956-ல் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலைக் கிழித்துத் தொங்கவிட்டார். சிறுபிள்ளைத்தனமான குப்பை என்பது அவர் தீர்ப்பு. அதே விமர்சனத்தில் ஒரு தகவலையும் அவரே தருகிறார். அத்தனை பக்கங்களையும் அவர் தன் ஏழு வயது மகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். ‘தி ஹாபிட்’டை முடித்த கையோடு மறுபடி முதல் பக்கத்துக்குப் போகும் அந்தக் குழந்தை, இந்தப் பெரிய புத்தகத்தையும் ஆர்வம் குறையாமல் கேட்டிருக்கிறாள். ஒரே வீடு, ஒரே புத்தகம், ஒரே குரல். அப்பாவுக்குக் குப்பை, மகளுக்குப் புதையல்.

அதே ஆண்டு கவிஞர் டபிள்யூ.ஹெச்.ஆடன் அந்த நாவலைப் பாராட்டி எழுதினார். இந்தப் புத்தகத்துக்காக நண்பர்களோடு போட்ட சண்டை போல வேறு எதற்கும் போட்டதில்லை என்று அவரே சொன்னார். நடுவில் நிற்பவர்கள் யாருமே இல்லை. ஒன்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், இல்லையென்றால் தாங்கவே முடியவில்லை என்கிறார்கள் என்பது அவருடைய அனுபவம்.

டோல்கீனின் நெருங்கிய நண்பர் ‘நார்னியா’ கதைகளை எழுதிய சி.எஸ்.லூயிஸ். டோல்கீனை நோபல் பரிசுக்கே பரிந்துரைத்தவர் அவர். 1961-ல் அந்தப் பரிந்துரை, எழுத்து உயர்ந்த தரத்தில் இல்லை என்று தேர்வுக் குழுவால் ஒதுக்கப்பட்டது. ரகசியக் காலம் முடிந்து 50 ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்த விவரமே வெளியில் வந்தது. இவ்வளவு செய்த நண்பரின் நார்னியாவாவது டோல்கீனுக்குப் பிடித்திருந்ததா என்றால், இல்லை. கிரேக்கப் புராணத்து உருவங்களும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் ஒரே காட்டில் உலவுவதை அவரால் ஏற்கவே முடியவில்லை. லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு நார்னியாவில் பிடித்ததே அந்தக் கலவைதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1946-ல் மெர்வின் பீக் எழுதிய ‘டைட்டஸ் குரோன்’ யாருடைய சாயலும் இல்லாத நாவல். ஊர் அளவுக்குப் பெரிய கோட்டை, அர்த்தம் மறந்துபோன சடங்குகள், ஆமை வேகக் கதை. மந்திரம்கூடக் கிடையாது. அதை உயிராக நேசிப்பவர்கள் இருக்கிறார்கள். 50 பக்கத்தில் மூடி வைப்பவர்களும் இருக்கிறார்கள். மூடி வைத்தவருக்கு ரசனை இல்லை என்று சொல்லிவிட முடியாது. புதுமைக்கு மரியாதை கொடுக்கலாம். அதற்காகப் பிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மந்திரப் பள்ளியை முதலில் கட்டியது யார்?

1997-ல் ஹாரி பாட்டர் வந்தபோது, மந்திரம் கற்றுத்தரும் பள்ளி என்பதே பலருக்குப் புத்தம் புது கற்பனையாகத் தெரிந்தது. ஆனால் 1974-லேயே ஜில் மர்ஃபியின் ‘தி வொர்ஸ்ட் விட்ச்’ கதையில், சூனியக்காரச் சிறுமிகளுக்கான பள்ளி நடந்துகொண்டிருந்தது. அதற்கும் முன்னால், 1968-ல் உர்சுலா கே. லெ குவின் எழுதிய ‘எ விஸார்டு ஆஃப் எர்த்ஸீ’ நாவலில் ரோக் தீவில் மந்திரவாதிகளுக்கான பள்ளி இருந்தது. 1990-ல் நீல் கெய்மன் எழுதிய ‘தி புக்ஸ் ஆஃப் மேஜிக்’ காமிக்ஸின் நாயகன் கண்ணாடி போட்ட சிறுவன். கையில் ஒரு ஆந்தையும் உண்டு.

ஜே.கே.ரௌலிங் தன்னைப் பார்த்து எழுதினார் என்ற பேச்சை கெய்மனே மறுத்தார். இருவருமே டி.ஹெச்.ஒயிட் போன்ற முந்தைய எழுத்தாளர்களின் வழியில் வந்தவர்கள் என்றார். லெ குவினும் தன்னிடமிருந்து திருடியதாகக் குற்றம் சொல்லவில்லை. அவருடைய வருத்தம் வேறு. முன்னோடிகளைப் பற்றி ரௌலிங் இன்னும் கொஞ்சம் பெருந்தன்மையாகப் பேசியிருக்கலாம் என்றார். பழைய கதைகளைத் தெரியாமல் எல்லாவற்றையும் ‘முதல்முறை’ என்று புகழ்ந்த விமர்சகர்கள் மீதும் அவருக்குக் கோபம் இருந்தது.

அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு கதையைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் ‘இதுதான் முதல்’ என்று சொல்லும்போது, அதற்கு முன் உழைத்த ஒருவரின் பெயர் அழிகிறது.

லெ குவின் அந்தப் பள்ளிக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது சுவாரஸ்யம். பெரிய பிள்ளைகளுக்காக ஒரு கதை எழுதித் தரும்படி ஒரு பதிப்பாளர் கேட்டார். மந்திரவாதி என்றாலே அதுவரை வெள்ளைத் தாடிக் கிழவர்கள்தான். கேண்டால்ஃப் அப்படித்தான், மெர்லின் அப்படித்தான். ‘தாடி நரைப்பதற்கு முன்னால் இவர்கள் எப்படி இருந்திருப்பார்கள்? இத்தனை ஆபத்தான வித்தையை எங்கே கற்றிருப்பார்கள்?’ என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்விதான் ‘கெட்’ என்ற துடுக்கான பையனையும், அவன் படித்த பள்ளியையும் உருவாக்கியது. கூடவே நாயகனின் தோலை வெள்ளையாக வைக்காமல் செம்பழுப்பு நிறமாக வைத்தார். அன்றைய ஆங்கில ஃபேன்டஸியில் அது பெரிய மாற்றம். பிறகு வந்த சில அட்டைப்படங்களும், 2004-ல் வந்த டி.வி தொடரும் அவனை மறுபடி வெள்ளைக்காரனாக்கியபோது லெ குவின் வெளிப்படையாகவே கண்டித்தார்.

மந்திரவாதி பழைய சரக்குதான். கேட்ட கேள்வி புதிது. ஃபேன்டஸியில் புதுமை பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது.

இரண்டு பிள்ளைகள் கொடுத்த தீர்ப்பு

ரௌலிங்கின் முதல் புத்தகத்தைப் பல பதிப்பகங்கள் மறுத்தன. ப்ளூம்ஸ்பரி பதிப்பகத்தின் தலைவர் தொடக்க அத்தியாயத்தைத் தன் எட்டு வயது மகளிடம் கொடுத்தார். படித்து முடித்த சிறுமி, மீதி எங்கே என்று கேட்டு அப்பாவை விடவில்லை. பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

கிறிஸ்டோபர் பயோலினி கதை இன்னும் நேரடியானது. அமெரிக்காவின் மொன்டானாவில் வீட்டிலேயே படித்து வளர்ந்தவர், 15 வயதில் ‘எரகான்’ நாவலைத் தொடங்கினார். 2002-ல் குடும்பமே சேர்ந்து சொந்தச் செலவில் அதை அச்சிட்டது. பழங்கால உடை போட்டுக்கொண்டு பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் போய் அவரே புத்தகத்தை அறிமுகம் செய்தார். விடுமுறைக்கு வந்த எழுத்தாளர் கார்ல் ஹையாசனின் வளர்ப்பு மகன் கையில் ஒரு பிரதி கிடைத்தது. அவன் சொக்கிப்போனதைப் பார்த்து, ஹையாசன் தன் பதிப்பகத்துக்குத் தகவல் சொன்னார். 2003-ல் க்னாஃப் பதிப்பகம் ‘எரகான்’ நாவலை வெளியிட்டது.

விமர்சகர்கள் உடனே பட்டியல் போட்டார்கள். பண்ணைப் பையன், ரகசியம் வைத்திருக்கும் குரு, கொடுங்கோல் பேரரசு எல்லாம் ‘ஸ்டார் வார்ஸ்’. எல்ஃபும் குள்ளரும் டோல்கீன். டிராகனோடு மனதால் பேசுவது ஆன் மெக்காஃப்ரி. பட்டியலில் பெரிய தப்பில்லை. ஆனால் அந்தச் சிறுவனுக்கு அந்தப் பட்டியல் தேவைப்படவில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த டிராகன் குட்டியை முதன்முதலாகத் தொட்ட பையனோடு அவனும் அங்கே இருந்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

‘காப்பி’ என்ற வார்த்தைக்குச் சட்டத்தில் கறாரான அளவுகோல் இருக்கிறது. இந்தியாவில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது, 1978-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆர்.ஜி.ஆனந்த் வழக்கு. டெல்லியில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வசிக்கும் பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும், நடுவில் ஒரு காதலும் என்று ஆனந்த் ஒரு நாடகம் எழுதியிருந்தார். 1956-ல் வைஜெயந்திமாலா நடித்து வந்த ‘நியூ டெல்லி’ இந்திப் படம் தன் நாடகத்தின் நகல் என்று வழக்குப் போட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. கருவும் கதைக்களமும் யாருக்கும் தனிச்சொத்தல்ல. அதைச் சொல்லும் விதத்துக்குத்தான் காப்புரிமை. இரண்டையும் பார்த்தவருக்கு, பின்னால் வந்தது முந்தையதன் நகல்தான் என்று சந்தேகமில்லாமல் தோன்றினால் மட்டுமே அது காப்பி என்றது தீர்ப்பு.

சட்டப்படி தப்பில்லை என்பதால் அலுப்புத் தட்டாது என்று அர்த்தமில்லை. 1996-ல் டயானா வின் ஜோன்ஸ் ‘தி டஃப் கைடு டு ஃபேன்டஸிலேண்ட்’ என்ற கேலிப் புத்தகத்தை எழுதினார். மாயாஜால தேசத்துக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கான கையேடு அது! அங்கே எப்போதும் சாப்பாடு ‘ஸ்ட்யூ’ மட்டும்தான். குதிரைகளோ நாள் முழுக்க ஓடினாலும் களைப்பதில்லை. நூறு நாவல் படித்தவர் விழுந்து விழுந்து சிரிப்பார். முதல் நாவலைப் படிப்பவருக்கு எதுவும் புரியாது. இரண்டு பேரும் தப்பில்லை. ஒருவர் பயணத்தின் நடுவில் இருக்கிறார். இன்னொருவர் இப்போதுதான் கிளம்பியிருக்கிறார்.

யாராவது ‘காப்பி’ என்றால்...

அடுத்தமுறை பிடித்த புத்தகத்தைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால், மூன்று கேள்விகள் உதவும்.

1. எது ஒரே மாதிரி இருக்கிறது? குரு, வாள், டிராகன் எல்லாம் பொதுச்சொத்து. காட்சி வரிசையும் வசனமும் வாக்கியமும் அப்படியே வந்திருந்தால் அது வேறு விஷயம். அப்போது குறை சொல்பவர் பக்கம்தான் நியாயம்.

2. எடுத்ததை வைத்து இந்த எழுத்தாளர் என்ன செய்தார்? ஒரு புதுக் கேள்வி, ஒரு புது முடிவு, ஒரு புது மனிதர் கிடைக்கிறாரா?

3. எனக்கு இதில் எது பிடித்தது? ‘சூப்பரா இருக்கு’ என்பதோடு நிறுத்தாமல் ஒரு காட்சியையோ ஒரு பாத்திரத்தையோ சுட்டிக்காட்ட முடிந்தால், அந்த ரசனையை யாராலும் அசைக்க முடியாது.

திருப்பி அனுப்பிய எடிட்டர்

வெற்றிக்குப் பிறகு டெர்ரி புரூக்ஸ் இரண்டாவது நாவலை எழுத உட்கார்ந்தார். பெரும்பகுதி முடிந்ததும் டெல் ரேவிடம் கொடுத்தார். முதல் புத்தகத்தைத் தூக்கி நிறுத்திய அதே எடிட்டர், இது சரியாக வரவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். புரூக்ஸ் அத்தனை பக்கங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். 1982-ல் ‘தி எல்ஃப்ஸ்டோன்ஸ் ஆஃப் ஷன்னாரா’ வந்தது. அரக்கர்களைத் தடுத்து நிறுத்தியிருக்கும் ஒரு மரம் செத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மறுபிறவி கொடுக்கும் பொறுப்பு ஒரு இளம்பெண் தலையில் விழுகிறது. டோல்கீனின் நிழலிலிருந்து புரூக்ஸ் வெளியே வந்த புத்தகம் என்று, முதல் நாவலைக் குறை சொன்னவர்களிலும் பலர் இதை ஒப்புக்கொண்டார்கள். 2016-ல் வந்த ஷன்னாரா டி.வி தொடரும் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்கியது.

முதல் புத்தகத்தை ரசித்து வாங்கிய வாசகர்கள் இல்லையென்றால், இந்த இரண்டாவது புத்தகத்துக்கு இடமே இருந்திருக்காது. கடன் வாங்கி எழுதக் கற்றுக்கொண்ட ஒருவருக்கு, சொந்தமாக எழுதும் வரை அவகாசம் கொடுத்தது அவர்கள்தான்.

அந்தக் காலேஜ் பெண்ணும் தோழியிடம் இப்படிச் சொல்லலாம்... ‘‘ஆமாடி, ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மாதிரியேதான் இருக்கு. ஆனா அந்த வாள் கடைசியில என்ன பண்ணும்னு தெரியுமா உனக்கு?’’